அம்மு திருப்பிக் கொடுத்த மூட்டைகள்

மணைப்பலகை காலியாக இருந்தது.

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக, மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே நடந்து வந்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு முன் அறைக்குள் தலையை நீட்டினால், காலையில் நானே வரிசையாக அடுக்கி, மேலே வெள்ளைத் துண்டு போர்த்திவிட்டுப் போன ஐந்து மூட்டைகளில் ஒன்றுகூட இல்லை. துண்டு மட்டும் தரையில் கிடந்தது. அதன் ஒரு மூலை ஈரமாக இருந்தது. யாரோ சப்பியிருந்தார்கள்.

கூடத்தில் எதிர்வீட்டு ராஜம் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், முகத்தின்மேல் இந்தப் பத்திரிகையையே விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். (ஆசிரியர் மனம் கோணக்கூடாது. அன்றைக்குப் புழுக்கம் அதிகம்.) பக்கத்துப் பாயில் இருக்க வேண்டிய என் மகள் அம்முவைக் காணோம்.

"ராஜம்! குழந்தை எங்கேடி?"

ராஜம் எழுந்து உட்கார்ந்து, பத்திரிகையைத் தூக்கி அதற்கு அடியில் பார்த்தாள்.

அதற்குள் வாசலில் காலடிச் சத்தம். அம்மு வந்தாள். மூன்று வயது முடியவில்லை. முகம் வெயிலில் சிவந்து, பாவாடை முழுக்க மண். பெரிய வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள் போல இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள்.

"எல்லாம் கொடுத்தாச்சு" என்றாள்.

ஆடுகிற கையெழுத்து

என்ன மூட்டை, யாருக்குக் கொடுத்தாள் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் வலியசாலைத் தெருவில் நான் எப்படி இந்த யாத்திரைத் தொழிலில் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அம்மு பிறந்த கதையை வேறு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கும் எனக்கும் அதைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சமையல் வேலைக்குப் போகிறவர். நூறு பேருக்குக் கண் அளவில் உப்புப் போடுவார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார். என்னைப் பள்ளியில் சேர்த்த பிறகு என்னைக் கேட்டு ஏறினார். "அது எங்கே போறது பாரு" என்பார். நான் படித்துச் சொல்வேன். சுற்றி நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெருமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

கல்யாணமாகி வலியசாலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் போனால் சாயங்காலம் வருவார். அம்மு கைக்குழந்தையாக இருக்கும்போது, தெருவில் ஒரு மாமி சுசீந்திரம் போக வேண்டும், எந்த பஸ்ஸில் போவது, எங்கே இறங்குவது, தங்க இடம் உண்டா என்று கேட்டு வந்தாள். நான் விசாரித்துச் சொன்னேன். அவள் போய்விட்டு வந்து இன்னொருத்தியிடம் சொன்னாள். அப்புறம் மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் ஒரு பஸ்ஸே பேச வேண்டியதாயிற்று.

முன் அறையில் ஒரு மேஜை போட்டேன். மேஜைக்குப் பக்கத்தில் உத்தரத்திலிருந்து தூளி. தூளிக் கயிற்றை என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, ஆட்டிக்கொண்டே சத்திரங்களுக்குக் கடிதம் எழுதுவேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரத்து மானேஜர் ஒருவர், இடம் உண்டு என்று பதில் போட்டுவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "தாங்கள் கடிதத்தை மாட்டு வண்டியில் வைத்து எழுதினீர்களா?"

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த கடிதத்தை அம்மு தூங்கின பிறகு எழுதினேன். பதில் கூடுதல் மரியாதையோடு வந்தது.

வாசலில் ஒரு போர்டு வைத்தேன். தமிழிலும் மலையாளத்திலும் என் கையாலேயே சாக்பீஸால் எழுதினேன். 'ஸ்திரீகளுக்கு யாத்திரை ஏற்பாடு செய்து தரப்படும்.' கீழே இன்னொரு வரி: 'கைக்குழந்தைகளுக்கு இடமில்லை.'

அந்தக் கடைசி வரி என்னுடையது இல்லை. கோமதி மாமியுடையது.

கோமதி மாமியின் சட்டம்

தெருக்கோடி வீட்டுக் கோமதி மாமி எங்கள் தெருவின் சுப்ரீம் கோர்ட். நெடுநெடுவென்று உயரம். எதைச் சொன்னாலும் கடைசியில் 'ஆக்கும்' என்று மலையாளப் பாணியில் ஒரு ஆணி அடிப்பாள். மாமி வருகிறாள் என்றால் மற்ற நாலு வீட்டுக்காரர்களும் வருவார்கள். கரமனைத் தெருவில் கூட, "வலியசாலை கோமதி வராளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுப்பார்கள்.

முதல் கன்னியாகுமரிப் பயணத்தில் யாரோ ஒருத்தியின் குழந்தை, மாமி மடியாக உடுத்தியிருந்த புடவைமேல் பால் கக்கிவிட்டது. மாமி அந்தப் புடவையோடு ஊர் வந்து சேரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இறங்கினதும் என்னிடம் சொன்னாள்: "ஜானகி, இனிமே மடியிலே குழந்தை இருந்தா பஸ்ஸிலே நான் இல்லை ஆக்கும்."

போர்டில் கீழ் வரி ஏறிற்று.

அதுவரை எல்லாம் ஒரு நாள் பயணம். விடியும் முன் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். அம்மு அழுவாள், நான் வருவேன், சமாதானமாகிவிடும். இந்தத் தடவை அப்படியில்லை. கன்னியாகுமரி போய், அங்கிருந்து திருச்செந்தூர். இரண்டு இரவு வெளியே தங்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தை: "ஜானகி கூட வந்தா அனுப்பறோம்." ஆகவே நான் போகாமல் முடியாது. போர்டில் இருக்கிற வரியை எழுதினவளே மீறினால், அதற்கப்புறம் போர்டு எதற்கு?

"ரெண்டு ராத்திரிதானே. நான் லீவு போடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவளுக்கு ரெண்டுன்னா தெரியுமா?" என்றேன்.

"உனக்குத்தான் தெரியலை போலிருக்கு" என்றார்.

வியாழக்கிழமை, தெற்கே சூலம்

இனி மூட்டைக்கு வருகிறேன்.

பஸ் எங்களுக்கு வியாழக்கிழமைதான் கிடைத்தது. வியாழக்கிழமை தெற்கே சூலம். எங்கள் தெருவில் யாரும் அன்று தெற்கு நோக்கிக் கிளம்ப மாட்டார்கள். கன்னியாகுமரியோ நேர் தெற்கே இருக்கிறது. நாஞ்சில் நாடு இந்த ராஜ்யத்திலா அந்த ராஜ்யத்திலா என்று இப்போது ஆண்கள் எல்லாம் காரசாரமாகப் பேசிக்கொள்கிறார்கள். எந்த ராஜ்யத்தில் சேர்த்தாலும் வலியசாலையிலிருந்து அது தெற்கேதான்.

இதற்கு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். முதல் நாளே நல்ல வேளை பார்த்து, ஒரு புடவை, ஒரு பிடி அரிசி, மஞ்சள், வெற்றிலை எல்லாவற்றையும் சின்ன மூட்டையாகக் கட்டி, இன்னொருத்தர் வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். மூட்டை வாசலைத் தாண்டின வேளையே பயணம் புறப்பட்ட வேளை. ஆள் மறுநாள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. ஒன்றே ஒன்று: வைத்த மூட்டை மறுபடி அவரவர் சொந்த வீட்டுக்குள் போகக்கூடாது. போனால் பயணம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் தெருப் பயணிகளின் மூட்டைகளுக்கு என் வீட்டு முன் அறைதான் இடம். ஆனால் என் வீட்டிலேயே என் மூட்டையை வைத்தால் செல்லாது. அதனால் என்னுடையது எதிரே ராஜம் வீட்டில் இருக்கும்.

புதன்கிழமை காலை நல்ல வேளையில் மூட்டைகள் வந்தன. மாமிகள் ஒவ்வொருத்தராகக் கொண்டுவந்து பலகையில் வைத்தார்கள். அம்மு மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த மூட்டை யாருடையது என்று அவளிடம் கேட்டு விளையாடுவது என் வழக்கம். "நீலக்கரை யாருது?" "கோமதி மாமி." "மஞ்சள் துணி?" "கிணத்தடி மாமி." ஒன்றுகூடத் தப்பாகச் சொல்ல மாட்டாள். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தை என்று எனக்குத் தாங்காத பெருமை.

பிற்பகல் பஸ்காரரிடம் நேரத்தை உறுதிப்படுத்த நான் கிழக்கேகோட்டை போனேன். ராஜம் பத்திரிகையோடு வந்து படுத்தாள். கெட்டிக்காரக் குழந்தை வேலையை ஆரம்பித்தது.

வீடு வீடாக

முதலில் கிணற்றடி மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி இலையில் புளியோதரை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பயணத்துக்காகக் கிளறின புளியோதரை.

"வீணாப் போகப்படாதேன்னுதான்" என்றாள். "யாத்திரை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டியே."

"நானா? யார் சொன்னா?"

"உன் பொண்ணுதான். மூட்டையை இழுத்துண்டு வந்து, வாசப்படிக்கு உள்ளே வெச்சுட்டு, 'அம்மா போகலை'ன்னா. நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன். பாவம், குழந்தை எவ்வளவு ஒழுங்கா சொல்றதுன்னு ஒரு முறுக்குக்கூடக் கொடுத்தேன்."

அடுத்த வீட்டிலும் அதே கதை. முறுக்குக்குப் பதில் நேந்திரங்காய் வறுவல். ஒரு வீட்டில் புடவையைப் பிரித்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டு மாமா, "நல்லதாப் போச்சு, எனக்கு யார் காப்பி போடறதுன்னு யோசிச்சிண்டிருந்தேன்" என்றார்.

விடிந்தால் பஸ் வந்து நிற்கும். திருச்செந்தூர்ச் சத்திரத்தில் இடம் சொல்லியாயிற்று. வலியசாலை வரவில்லை என்றால் கரமனையும் வராது. அதைவிடப் பெரிய விஷயம், இனி இந்தத் தெருவில் எவளும் என் வீட்டில் மூட்டை வைக்க மாட்டாள். ஜானகி வீட்டில் வைத்த மூட்டை நிற்காது என்று ஒரு பேர் வந்துவிட்டால், போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

அம்முவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் வறுவல் தின்றுகொண்டே வந்தாள். என் தோளில் உப்பும் எண்ணெயும்.

கோமதி மாமி வாசல் நடையில் நின்றிருந்தாள். நீலக்கரை மூட்டை அவள் காலடியில். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மற்ற மாமிகளும் ஒவ்வொருத்தராகப் பின்னால் வந்து நின்றார்கள்.

"மாமி, குழந்தை தெரியாமப் பண்ணிடுத்து. சாயங்காலமும் ஒரு நல்ல வேளை இருக்கு. பஞ்சாங்கத்திலே பார்த்துட்டேன். மறுபடி வெச்சுடலாம்."

"மறுபடி வெக்கறதுக்கு இதென்ன தபாலா? ஸ்டாம்பு ஒட்டிப் போடறதுக்கு?" என்றாள் மாமி. "கிளம்பின யாத்திரை ஆத்துக்குள்ளே திரும்பி வந்தாச்சு. படிச்சவ நீ. உனக்கு நான் சொல்லணுமா? இது முடிஞ்சுபோன காரியமாக்கும்."

படித்தவள்தான். பஸ் நேரம், சத்திரம், எந்த ஊரில் எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும், எல்லாம் தெரியும். அந்த வாசலில் அது எதுவும் உதவவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலிருந்தும் ஒரு சாமானை வெளியே கொடுக்க மாட்டார்கள்.

மாமி என்னை விட்டுவிட்டு அம்முவைப் பார்த்துக் குனிந்தாள்.

"ஏண்டி, எதுக்கு என் மூட்டையைக் கொண்டுவந்தே?"

அம்மு வறுவலை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "மூட்டை போனா அம்மா போயிடுவா."

எனக்கு அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளத் தோன்றியது. என் தொழிலை அந்தக் குழந்தை மேஜைக்கு அடியில் இருந்தே கற்றுக்கொண்டிருந்தது. யார் மூட்டை எது என்று மட்டும் அவள் படிக்கவில்லை. மூட்டை வந்த மறுநாள் என்ன நடக்கும் என்றும் படித்திருந்தாள்.

மாமி நிமிர்ந்தாள். "எல்லாத்தையும் கொண்டுவந்தாளே, உன் மூட்டையைக் கொண்டுவரலையா?"

"என்னுது ராஜம் ஆத்திலே…" என்று இழுத்தேன்.

ராஜம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தூங்கின குற்றத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள். "அலமாரி மேலே இருக்கு மாமி! நான் ஸ்டூல் போட்டுன்னா வெச்சேன். இவளுக்கு எட்டாது!"

மாமி யோசித்தாள்.

"அப்படின்னா யாத்திரை திரும்பலை" என்றாள். "நடத்தறவ மூட்டை வெளியிலே இருக்கு. யாத்திரை போயிண்டிருக்கு. நாமதான் நடுவிலே இறங்கிட்டோம். மறுபடி ஏறிக்கலாமாக்கும்."

கிணற்றடி மாமி மெதுவாகக் கேட்டாள்: "நான் புளியோதரையைச் சாப்பிட்டுட்டேனே?"

"மறுபடி புளியை ஊறப் போடுடி!"

ஏழாவது மூட்டை

மாமி அதோடு விடவில்லை. "இறக்கினவதான் ஏத்தணும்" என்று நீலக்கரை மூட்டையை அம்முவிடம் நீட்டினாள். அம்மு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன்."

"உனக்கும் ஒரு மூட்டை வெச்சா?"

அம்மு யோசித்தாள். நான்தான் பதறினேன். "மாமி, கைக்குழந்தை கூடாதுன்னு நீங்கதானே…"

"மூட்டை தூக்கிண்டு தெருவெல்லாம் சுத்தறது. இது கைக்குழந்தையா? என் பக்கத்திலே உக்கார வெச்சுக்கோ. புடவையிலே கக்கினா அப்போ பார்த்துக்கலாம்."

விளக்கு வைக்கும் முன் எல்லாம் முடிந்தது. தெருவில் முன்னால் அம்மு ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் மூட்டைக்குச் சொந்தக்கார மாமி. பலகையில் வைத்ததும் அடுத்த வீடு. சாமியைப் புறப்பாடு பண்ணுகிற மாதிரி இருந்தது என்று ராஜம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

கடைசியில் அம்முவின் மூட்டை. பச்சைப் பாவாடை, காலிப் பவுடர் டப்பா, ஒரு பிடி அரிசி. ராஜம் வீட்டு அலமாரி மேல், என் மூட்டைக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். இரண்டும் ஒட்டி இருக்கிறதா என்று அம்மு ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

விடியற்காலை பஸ் வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர் பாஸ்கரன் இறங்கி, "அம்மாமாரே, வேகம் கேறிக்கோ! நாகர்கோவிலில் காப்பி குடிக்கலாம்" என்று அவனுடைய தமிழில் அவசரப்படுத்தினான். மாமிகள் ஏறினார்கள். கோமதி மாமி ஜன்னல் ஓரத்தை அம்முவுக்கு விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அம்முவுக்கு வேறு பாவாடை கட்டி, தலைவாரி, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் இரண்டு மூட்டைகளையும் ராஜம் தன் வீட்டிலிருந்து நேரே பஸ்ஸுக்குக் கொண்டுவந்தாள்; தன்னுடையதை அம்மு கையில் வாங்கிக்கொண்டாள். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு இரவும் இவள் என் பக்கத்தில்தான்.

பஸ் படியில் காலை வைத்தபோது அம்மு நெளிந்து கீழே இறங்கினாள். கையில் இருந்த தன் மூட்டையை என்னிடம் கொடுத்தாள். வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் நேரே போய், தூக்கு என்று கையை நீட்டினாள்.

"நீ வரலையாடி?"

"மூட்டை போறதே" என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

பஸ்ஸே சிரித்தது. பாஸ்கரன்கூட ஸ்டீயரிங்கில் தட்டிச் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாகக் குழந்தையை விட்டுப் போவதெப்படி என்று நான் தவித்திருந்தேன். அவளோ என்னை விட்டுவிட்டு அப்பா தோளில் சாய்ந்து, பஸ்ஸின் விளக்கை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இங்கே கொடு" என்று கோமதி மாமி அந்த மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாகர்கோவில் வரை கீழே வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது

திருச்செந்தூரில் மாமி அம்முவின் பாவாடையைக் கடலில் நனைத்துக் காய வைத்தாள். பவுடர் டப்பாவில் பனங்கற்கண்டு நிரப்பினாள். கன்னியாகுமரியில் வாங்கின சோழி ஒன்றும் மூட்டைக்குள் போயிற்று.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் வீடு வந்தோம். அம்மு என்னைப் பார்த்து ஓடி வந்தாள் என்று எழுத ஆசைதான். மூட்டையைப் பார்த்து ஓடி வந்தாள். பிரித்து, உப்பு பூத்து விறைத்திருந்த பாவாடையை முகர்ந்தாள். டப்பாவைக் குலுக்கினாள். மறுநாள் காலை தெரு முழுக்க அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "நான் திருச்செந்தூர் போயிட்டு வந்தேன்." யாரும் மறுக்கவில்லை. எங்கள் தெரு வழக்கப்படி அவள் போய்விட்டுத்தான் வந்திருந்தாள்.

அன்றைக்கே போர்டின் கீழ் வரியை ஈரத்துணியால் அழித்தேன். கோமதி மாமி பார்த்துவிட்டு, ஓரத்தில் அழியாமல் நின்ற ஒரு எழுத்தைக் காட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் பாய் எடுக்க உள் அறைக்குப் போனபோது, அம்முவின் தலைமாட்டில் என் பழைய நூல் புடவை ஒன்று உருண்டையாகக் கிடந்தது. மூலைகளை எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உன் மூட்டையாம்" என்றார் என் வீட்டுக்காரர். "நீ போன அன்னிக்கு அவளே கட்டினது. எடுத்து வெக்க விடலை. அம்மா மூட்டை ஆத்திலேயே இருக்கு, அதனாலே அம்மா எங்கேயும் போகலைன்னா. ராத்திரி ஒரு தடவைகூட அழலை, கேட்டியா."

மடித்து வைக்கலாம் என்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அவ்வளவு இறுக்கிப் போட்டிருந்தாள்.